கொதிகலனின் சிறு காவலன்



கீழ்த்தளத்தில் உணவகமோ சலவையகமோ இயங்க, மேல்தளங்களில் தொழிலாளர்கள் உறங்கும் கட்டடங்கள் ஃபர்வானியாவில் பல. கீழே மூளும் தீ மேலிருப்போரை என்ன செய்யும் என்பதை 2024 ஜூன் 12 அன்று மங்காஃப் காட்டியது. அத்தீக்குக் காரணம் மின்கசிவே. எனினும் புகை மேலேறியதால், தமிழ்நாட்டவர் 7 பேர் உட்பட ஏறத்தாழ 50 பேர் மாண்டனர்.

எரிவாயுக் கொதிகலனில் அத்தகைய இடரைத் தடுக்கும் காவலன், 'தெர்மோகப்பிள்' என்னும் விரல் நீள உலோகக் கம்பி. வழிகாட்டிச் சுடர் அதனைச் சூடாக்கும்போது சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் பிறந்து, வாயு வால்வைத் திறந்து வைக்கிறது. சுடர் அணைந்தால் வால்வு தானே மூடிக்கொள்ளும்.

இக்கம்பி தேய்ந்தால் சுடர் அடிக்கடி அணையும். வியாபாரம் தடைப்படுமே என்று சிலர் கம்பியால் கட்டி வால்வைத் திறந்தே வைப்பர். அதன்பின் சுடர் அணைந்தாலும் வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். காற்றினும் கனமான அது தரையில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

ஆகவே பழுதான உறுப்பை உரிமம் பெற்ற பணியாளரைக் கொண்டே மாற்றுக. மாற்றியபின் மூன்று சோதனைகள் வேண்டும்: இணைப்புகளில் சோப்பு நீர் குமிழியிடலாகாது, வழிகாட்டிச் சுடரை அணைத்தால் வால்வு விரைவில் மூடவேண்டும், பிழம்பு நீலமாக எரியவேண்டும். மஞ்சள் பிழம்பும் கரியும், மணமற்ற நச்சாகிய கார்பன் மோனாக்சைடின் அறிகுறி.

வாயு மணம் வந்தால் மின்விசையைத் தொடாது, உருளையை மூடி, வெளியேறி, 112 எண்ணை அழைக்க. சிறு உறுப்பின் விலையைவிட மேல்தளத்தில் உறங்குவோரின் உயிர் பெரிது.