எல்லாக் கணினிக்கும் ஏற்ற படிவம்



பெயர் யாது, பிறந்த நாள் யாது, வங்கிக் கணக்கு எண் யாது என வினவும் படிவங்களை நீங்கள் பலமுறை நிரப்பியிருப்பீர்கள். முன்னாளில் அவை அச்சிட்ட தாள்கள். இந்நாளில் அவற்றுட் பல கணினியின் விரிதாள்கள். இவ்விரண்டிற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. அச்சிட்ட தாள் செஞ்சியிலும் சென்னையிலும் ஒரே உருவில் இருக்கும். விரிதாளோ, அதனைத் திறக்கும் மென்பொருளுக்கும் அதன் பதிப்புக்கும் ஏற்ப மாறக்கூடியது. இதனை எண்ணாதவர் தம் மேசையிலுள்ள கணினிக்கு மட்டுமே படிவம் வகுக்கின்றார். அது பிறரிடம் பழுதுபட்டால், இழப்பு வகுத்தவருக்கன்று, நிரப்பியவருக்கே.

தமிழ்நாட்டு நிலைமையைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டில் மாநில அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. முன்னதில் எக்செல் இயங்கும். பின்னதில் லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் இயங்கும். ஆகவே, ஒரே கணினியிலேயே ஒரு படிவத்தை இரு வகையாகத் திறக்க இயலும். அவ்வாறிருக்க, பல ஊர்களுக்குச் செல்லும் படிவம் எத்தனை வகைக் கணினிகளைக் காணும்!

முதலில் எண்களை நோக்குவோம். உதவித்தொகை வேண்டும் மாணவி ஒருத்தி, 16 இலக்கமுள்ள வங்கிக் கணக்கு எண்ணை எக்செல் கட்டத்தில் இடுகின்றாள் என்க. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே துல்லியமாகக் காக்கும். பதினாறாவது இலக்கம் சுழியாகிவிடும். எண்ணின் முன்னே சுழி இருப்பின் அதுவும் மறையும். அவள் தவறு ஏதும் செய்யவில்லை. எனினும், உதவித்தொகை அவள் கைக்கு வராது போகலாம். கணக்கு எண் கூட்டிக் கழிப்பதற்குரியதன்று. அது ஒரு பெயரைப் போன்றது. எனவே, அக்கட்டத்தை எழுத்துக்குரியதாக முன்கூட்டியே அமைத்தல் வேண்டும்.

அடுத்து, நாள்கள். 5/6 என்று எழுதினால் நமக்கு அது ஜூன் 5. அமெரிக்க வழக்கில் அமைந்த கணினிக்கோ மே 6. இன்னொரு சிக்கல் நம் செஞ்சிக் கோட்டையிலேயே எழும். இக்கோட்டை 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் கோட்டைத் தொகுதியின் ஓர் உறுப்பாக இடம்பெற்றது. 1677இல் சிவாஜியும், 1698இல் முகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் இதனைக் கைக்கொண்டனர். வரலாற்று மாணவர் சிலர் இந்நிகழ்ச்சிகளை நாள் வரிசைப்படுத்த விரிதாள் அமைக்கின்றனர் என்க. எக்செல்லின் நாட்கணக்கு 1900ஆம் ஆண்டில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய நாளை அது வெறும் எழுத்தாகவே கொள்ளும். லிப்ரே ஆபீஸோ அதனை நாளாகவே ஏற்கும். அதே நாள்களை இரண்டிலும் இட்டால் வரிசை வேறுபடக்கூடும். ஆண்டு, மாதம், நாள் ஆகிய மூன்றிற்கும் தனித்தனிக் கட்டம் வைத்தால் இவ்விரு தொல்லைகளும் நீங்கும்.

மூன்றாவது, சூத்திரங்கள். எக்ஸ்லுக்அப் என்னும் சார்பு சிறந்ததே; எனினும், எக்செல் 2016, 2019 பதிப்புகள் அதனை அறியா. லிப்ரே ஆபீஸ் 2024இல்தான் அதனைக் கற்றுக்கொண்டது. இன்டெக்ஸ், மேட்ச் என்னும் பழைய சார்புகள் இரண்டும் சேர்ந்து அதே வேலையை எங்கும் செய்யும். எக்செல்லுக்கென எழுதிய மேக்ரோ நிரல்களும் பிற மென்பொருளில் அவ்வாறே இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. தமிழ் எழுத்துக்கோ, 2010இல் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற ஒருங்குறியையே கையாளுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டிய பெயர், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகிவிடும்.

இவை சிறு செய்திகள் என எண்ணற்க. பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிசைகளே அடங்கும்; 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் 10,48,576 வரிசைகள் அடங்கும். 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பொதுநலத் துறை, கொரோனா நோயாளர் பட்டியலைப் பழைய வகைக் கோப்பில் சேர்த்தது. வரிசைகள் நிரம்பியபின் வந்தவை சேரவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் 15,841 பேர் கணக்கில் விடுபட்டனர். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று. கோப்பின் வகையைப் பற்றிய கவனக்குறைவு மக்களின் உடல்நலத்தையே தொட்டது.

ஆதலின், படிவம் வகுப்போர் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்று உண்டு. அதனை நிரப்பப்போகும் கணினிகளுள் மிகப் பழையது எது என முதலில் உசாவுங்கள். அதற்கு இயன்ற கருவிகளைக் கொண்டே படிவத்தை அமையுங்கள். பின்னர் வேறு மென்பொருள் உடைய நண்பரிடம் அனுப்பி, நிரப்பிச் சேமித்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். இட்டது இட்டபடியே வந்ததா என்று கட்டம் கட்டமாக ஒப்புநோக்குங்கள். அரைமணி நேரத்து வேலை இது. புதிய வசதிகளைக் கற்பது அறிவுக்கு அழகு. அவை இல்லாதவரை எண்ணிப் படிவம் வகுப்பது பண்புக்கு அழகு. நாளை அலுவலகங்களில் அமர்ந்து படிவங்களை வகுக்கப்போகின்றவர்கள் நீங்களே. உங்கள் படிவம் எந்தச் சிற்றூரின் பழங்கணினியில் திறந்தாலும், நிரப்பியவர் இட்ட எண் மாறாது வந்து சேர்க.