கண்ணாடித் தொட்டியில் அயிரை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

தமிழ் விழா மேடையில் மீன் தொட்டியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். விமான் நகரின் அடுக்கு வீடுகளில் முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. ஆயினும், பிற உயிர்களிடத்து அன்பு காட்டக் குழந்தைகள் பழக வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் பலர் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைக்கின்றனர். பல வகை மீன்கள் ஒன்றாய் வாழும் அதனைப் பொதுத் தொட்டி என்போம். அதன் அடித்தரையில் வாழ்வதற்கென்று கடைக்காரர் தரும் மீன்களுள் ஒன்று, ஆங்கிலத்தில் லோச் எனப்படும் இனம். அவ்வினம் தமிழருக்குப் புதியதன்று. மதுரைச் சீமையில் குழம்பு வைப்பதற்குப் பெயர்பெற்ற அயிரை அவ்வினத்ததே.

நாரை அயிரையை இரையாக நாடும் செய்தி குறுந்தொகையிலேயே உண்டு. நம் அயிரைக்கு அறிவியலார் இட்ட பெயரில் வெம்மையைக் குறிக்கும் சொல் ஒன்று இருக்கிறது. ஈழத்தில் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மீனைக் கொண்டு 1846இல் அதனை விவரித்தமையே காரணம். நாம் குடியேறி வாழும் இந்தத் தக்கணமும் அயிரை இனத்துக்குத் தாயகந்தான். கர்னல் சைக்ஸ் என்பவர் 1839இல் தக்கண மீன்களை விவரித்தபோது, இப்பக்கத்து மக்கள் வழங்கிய ‘மூரே’ என்னும் பெயரையே ஒரு வகைக்கு இட்டார். சென்னைப் படையில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே 1872இல் விவரித்த மற்றொரு வகை, இதே புனேயிலிருந்து கிடைத்தது.

இத்துணைப் பழைமையும் பெருமையும் வாய்ந்த மீன், இன்று நம் வீடுகளுக்கு எவ்வாறு வருகிறது? பெரும்பாலும் வேலையாளாக வருகிறது. தொட்டியில் நத்தை பெருகிவிட்டதா? ஒரு லோச் வாங்கி விடுங்கள்! அடியில் அழுக்குச் சேர்கிறதா? ஒரு லோச் போதும்! இவ்வாறு சொல்லி விற்கின்றனர். நாமும் நம்பி வாங்குகின்றோம். சில வாரங்களில் மீன் மெலிந்து மாய்கிறது, அல்லது பிற மீன்களைத் துன்புறுத்துகிறது. குழந்தை அழுகிறது. இந்த அழுகையைத் தவிர்ப்பதே நம் பேச்சின் நோக்கம். அயிரை தொட்டியின் துப்புரவாளன் அன்று. அது தொட்டியின் குடிமகன். அதன் கழிவும் நீரில்தான் சேர்கிறது. தொட்டியைத் தூய்மை செய்யும் கடமை நமக்கே உரியது.

ஜாவாத் தீவில் பாம்புபோல் நெளியும் சிறு அயிரை ஒன்று உண்டு. 1821இல் அத்தீவில் இளமையிலேயே மறைந்த ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் கூல் என்பவரின் நினைவாக அதனைக் கூலி லோச் என்பர். பெயர்தான் கூலி, அது யாருக்கும் கூலியாள் அன்று!

அவ்வாறாயின், எதனைத் தேர்ந்தெடுப்பது? வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதற் கேள்வி: வளர்ந்தபின் இதன் அளவு என்ன? ஆரஞ்சு நிற உடலில் மூன்று கரும்பட்டைகளோடு கண்ணைக் கவரும் க்ளௌன் லோச், சுமத்திரா, போர்னியோத் தீவுகளிலிருந்து வருவது. கடையில் அது விரல் நீளமே இருக்கும். முழு வளர்ச்சியில் 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீளும். 20 ஆண்டுக்கு மேல் வாழ்வதும் உண்டு. வாங்கிய குழந்தை கல்லூரி முடித்து வேலைக்குச் செல்லும் நாளிலும் அது இருக்கும். நம் கூடத்துத் தொட்டிகள் அதற்குச் சிறைக்கூடமே. அழகுக்கு மயங்காது விட்டுவிடுவதே அறிவுடைமை.

இரண்டாம் கேள்வி: இதற்கு எத்தனை பேர் சுற்றம் வேண்டும்? லோச்சுகளிற் பல தனித்து வாழ்வன அல்ல. கங்கைச் சமவெளியைச் சேர்ந்த யோயோ லோச்சின் உடலில் ஆங்கில எழுத்துகள் போன்ற கோலம் உண்டு. 12 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். அதனை ஒன்றே ஒன்றாக விட்டால், ஒளிந்தே கிடக்கும். இல்லையேல் அண்டை மீன்களோடு ஓயாது சண்டையிடும். ஐந்தாறு சேர்ந்திருந்தால், தமக்குள்ளேயே மூத்தோர் இளையோர் முறை வகுத்துக்கொண்டு, பிறரை விட்டுவிடும். ஊர் விட்டு ஊர் வந்து, சுற்றத்தின் அருமையை உணர்ந்து சங்கம் அமைத்துள்ள நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூன்றாம் கேள்வி: இதன் அண்டை அயலார் யார்? நீண்ட துடுப்புகளைத் தோகைபோல் விரித்து மெல்ல நீந்தும் ஃபைட்டர், ஏஞ்சல் முதலிய மீன்களோடு யோயோ லோச்சைச் சேர்த்தல் ஆகாது. துடுப்பைக் கடித்துக் குதறும். நத்தையை அழகுக்காக வளர்ப்போரும் அதனை வாங்கலாகாது. ரோஸி பார்ப், டானியோ போன்ற சுறுசுறுப்பான மீன்களே அதற்குத் தக்க துணை. அயிரையும் கூலி லோச்சும் சாதுக்கள். சிறிய டெட்ரா, ரஸ்போரா ஆகியவற்றோடு இணக்கமாய் வாழும். ஆனால் ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கர் போன்ற பெருமீன்களோடு விட்டால், அவை அயிரையை ஒரு வாய் உணவாகவே கொள்ளும்.

நான்காம் கேள்வி: இஃது எங்கிருந்து வந்தது? இதனை நாம் கேட்பதே இல்லை. ஸீப்ரா லோச் என்று ஒன்று விற்கின்றனர். வரிக்குதிரைபோல் மெல்லிய வரிகள் நிறைந்தது, சிறியது, அமைதியானது. பொதுத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றே தோன்றும். பெங்களூர்ப் பேராசிரியர் சி. ஆர். நாராயண ராவ், துங்கை ஆற்றில் கிடைத்ததைக் கொண்டு 1920இல் அதனை விவரித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அஃது இயற்கையாய் வாழ்வதில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2011இல் அதனை அழியும் நிலையிலுள்ள இனம் என்று மதிப்பிட்டது. 2005 முதல் 2012 வரை, இடர்நிலையிலுள்ள 30 வகை நன்னீர் மீன்களில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டவை இந்தியாவிலிருந்து தொட்டி வாணிகத்துக்காக ஏற்றுமதியாயின என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். அவற்றுள் பெரும்பங்கு வகித்த மூன்றனுள் இந்த வரிமீனும் ஒன்று.

அன்பர்களே! நமக்கு வாழ்வளிக்கும் இம்மண்ணின் ஆற்றுச் செல்வம் அது. ஆற்றில் பிடித்ததாயின் நாம் வாங்குதல் ஆகாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபின், எந்த மீனை வளர்க்கலாம் என்பதை அதன் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். கடைக்காரரிடம், “இது பண்ணையில் வளர்ந்ததா, ஆற்றில் பிடித்ததா?” என்று கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால், விற்பவரும் எண்ணிப் பார்ப்பார்.

இந்நான்கு கேள்விகளையும் கடந்தால் நாம் காணும் முடிவு எளியது. 3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 100 லிட்டர் நீர் கொள்ளும். அதில் ஆறு அயிரையோ, ஆறு கூலி லோச்சோ, மேல்நீரில் ஒரு சிறு கூட்டம் டானியோவோ இனிதே வாழும். யோயோ லோச் வேண்டுவோர், 4 அடி நீளமும் 250 லிட்டர் கொள்ளளவும் உடைய தொட்டி அமைத்து, ஐந்து மீன்களை விடலாம்.

இனிப் பராமரிப்பு முறையைக் காண்போம். நம் பாட்டிமார் அயிரையைச் சமைக்குமுன், பால் கலந்த நீரில் உயிரோடு விட்டு, மண்ணைக் கக்கச் செய்வர். ஏன்? மணலை வாயில் அள்ளி, இரையை மட்டும் வடித்துக்கொண்டு, எஞ்சியதைச் செவுள் வழியே உமிழ்வது அதன் இயல்பு. சமையலறையில் பாட்டி அறிந்த இவ்வுண்மையைத் தொட்டி வைக்கும் நாம் மறந்துவிட்டு, கூர்மையான வண்ணக் கற்களை அடியில் பரப்புகின்றோம். அயிரையின் மீசை இழைகள் அதில் உராய்ந்து புண்ணாகின்றன. ஆகவே, கழுவிய நுண்மணலே இடுக. உருண்டைக் கற்களும், மரவேரும், சிறு மண்சட்டித் துண்டுகளும் வைத்தால், பகலில் அவற்றினடியில் ஒதுங்கியிருக்கும். தொட்டிக்கு மூடி இன்றியமையாதது. இவை துள்ளி வெளியே விழக்கூடியவை.

புதுத் தொட்டியில் இவற்றை உடனே விடலாகாது. மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சாகும். அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் அதனினும் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன் பின்னரே அயிரைக்கு இடம். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுக. குழாய் நீரின் குளோரினை ஹைப்போ இட்டு நீக்குக. ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் தன்மையில் வேறுபடும்; நீரின் வகை மாறும் நாளில் சிறுகச் சிறுகவே சேர்த்தல் வேண்டும். டிசம்பர், ஜனவரித் திங்கள்களில் புனேயின் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழும் இறங்குவது உண்டு. எனவே, நீரை 24 முதல் 27 டிகிரியில் நிறுத்த ஒரு ஹீட்டர் தேவை.

உணவை விளக்கணைத்த பின் இடுக. மூழ்கும் உணவாக இடுக. மேல்மீன்கள் தின்று மிஞ்சியது போதும் என்று எண்ணுவது பெருந்தவறு. மீனைப் பிடிக்க நேர்ந்தால் வலை வேண்டா. அயிரைக்கும் யோயோவுக்கும் கண்ணுக்குக் கீழே நிமிரும் முள் ஒன்று உண்டு. அது வலையில் மாட்டிக்கொள்ளும். ஒரு கிண்ணத்தால் முகந்தெடுப்பதே நன்று. இவற்றின் செதில்கள் மிக நுண்ணியவை. ஆதலின் மருந்து இவற்றைக் கடுமையாகத் தாக்கும். வெண்புள்ளி நோய் வரின், மருந்தைப் பாதி அளவில் தொடங்குவது நலம். இன்னொன்று: யோயோ போன்றவை ஒருக்களித்துப் படுத்து உறங்குவது உண்டு. இறந்துவிட்டதென்று அவசரப்பட்டு எடுத்தெறிய வேண்டா!

இறுதியாக ஒன்று. வீடு மாறும்போதோ, வேலை மாற்றலாகும்போதோ தொட்டியைக் கலைக்க நேரிடும். அப்போது மீன்களை முளா-முட்டா ஆற்றில் கொண்டு விடுவது அருள் என்று சிலர் எண்ணுகின்றனர். அது அருள் அன்று. அயல்நாட்டு மீன் அந்த ஆற்றில் மாயும். பிழைத்தால், நோயைப் பரப்பி, அங்கேயே பிறந்த மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கும். வளர்க்க விரும்பும் மற்றொரு குடும்பத்திடம் ஒப்படைப்பதே முறை. நம் சங்கத்தில் அத்தகைய குடும்பங்களுக்குக் குறைவில்லை.

குழந்தைகளே! அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, “இது என்ன வேலை செய்யும்?” என்று கேளாதீர்கள். “இது எப்படி வாழும்? இதற்கு நாம் என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். விடை நிறைவாய் இருந்தால் மட்டும் வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.