பனங்கலயமும் பீர் ஆலையும்



பொருட்காட்சிசாலை என்றவுடன் அரசர் அணிந்த முடியும், வீரர் ஏந்திய வாளும், புலவர் எழுதிய ஏடும் நம் நினைவுக்கு வருகின்றன. பீர் என்னும் பானத்திற்கு ஒரு பொருட்காட்சிசாலை உண்டு என்று கூறினால் நம்மவருள் பலர் முகம் சுளிப்பர். மதுவிலக்கை அறமாகப் பேசி வந்த நாட்டில் அஃது இயல்பே. ஆயினும், செக் நாட்டைச் சேர்ந்த பில்சன் நகரத்தில் அத்தகைய காட்சிசாலை ஒன்று 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. மதுவின் பெருமையைப் பேச நான் வரவில்லை. ஓர் ஊரார் தம் தொழிலின் அறிவை எவ்வாறு பேணினர் என்பதையும், அதனோடு உறவுடைய அறிவு ஒன்றைப் பெற்றிருக்கும் நாம் அதனை எந்நிலையில் வைத்திருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

பில்சன் நகரம் 1295-ஆம் ஆண்டில் இரண்டாம் வென்செஸ்லாஸ் மன்னனால் நிறுவப்பெற்றது. அந்நகரத்தில் வீடுடைய 260 குடிகளுக்குப் பீர் காய்ச்சும் உரிமை வழங்கப்பட்டிருந்தது. ஆளுக்கு ஆள் கைப்பக்குவம் வேறுபட்டது. ஆகவே பானத்தின் தரமும் வேறுபட்டது. 1838-ஆம் ஆண்டில், கெட்டுப்போன 36 பீப்பாய்ப் பீரை நகரமன்றத்தின் முன்னே தெருவிற் கொட்டிவிட்டார்கள். நாணம் மிகுந்த அந்த நாள் ஒரு நன்மைக்கு வித்திட்டது. உரிமையுடைய குடிகள் ஒன்றுகூடி, அனைவருக்கும் பொதுவான ஆலை ஒன்றைக் கட்ட 1839-இல் முடிவு செய்தனர். பவேரியாவிலிருந்து யோசப் குரோல் என்னும் தொழில் வல்லுநரை வரவழைத்தனர். 1842-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் அவர் முதற் காய்ச்சலைத் தொடங்கினார். அவ்வூரின் மென்மையான நீரும், இளநிறமாக உலர்த்திய வாற்கோதுமை முளையும், சாட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவும் சேர்ந்து பொன்னிறமான பானம் பிறந்தது. இன்று உலகெங்கும் 'பில்ஸ்னர்' என வழங்கும் பெயர் இவ்வூர்ப் பெயரே.

அங்குள்ள காட்சிசாலை பழைய வீடு ஒன்றில் அமைந்துள்ளது. அவ்வீடும் முற்காலத்தில் பீர் காய்ச்சும் உரிமை பெற்றிருந்த வீடுதான். தானியத்தை முளைக்க வைத்த தளம், தொழிலாளர் கையாண்ட கருவிகள், மரப்பீப்பாய்கள் ஆகியவற்றை அங்கே காணலாம். ஆலைக்குச் சென்றாலோ, மண்ணுக்கடியில் கையாலேயே குடைந்த நிலவறைகள் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்திற்குச் செல்கின்றன. குளிர்ந்த அவ்வறைகளிலேதான் பானம் பல வாரம் கிடந்து பதம் பெற்றது. பீப்பாய் செய்யும் தச்சர்கள் இன்றும் அங்கே தொழில் புரிகிறார்கள். மரத்தின் உட்புறத்தில் அவர்கள் கீல் பூசுவதைப் பார்க்கும் தென்பாண்டி நாட்டார் எவருக்கும், கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசும் பனையேறி நினைவுக்கு வராமல் இரார். அவரிடம் பின்னர் வருவோம்.

பீர் ஆக்கும் முறையின் அடிப்படை எளியது. தானியத்தில் இருப்பது மாப்பொருள். அது நேரே மது ஆகாது. தானியத்தை நனைத்து முளைகட்டினால், முளையில் தோன்றும் நொதிகள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு, சாராயச் சத்தாகவும் கரியமிலவாயுவாகவும் பிரித்துவிடுகிறது. இம்முறை நம் முன்னோர்க்கும் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசியினின்று நறவு ஆக்கும் வகையை வரிசையாகக் கூறுகிறார். அரிசியைக் களியாகத் துழாவுதல், வாயகன்ற தட்டில் ஆற்றுதல், முளையை இடித்து ஆக்கிய அடையைக் கலத்தல், சாடியில் இரண்டு பகலும் இரவும் வைத்தல் எல்லாம் அங்கே உள்ளன. புலவர் ஒருவர் தம் பாட்டிடையே இதனைப் பதிந்து வைத்தமையால் ஈராயிரம் ஆண்டளவாக நாம் அதனை அறிகிறோம். பதியாமற் போனவை எத்தனையோ!

முறை தெரிந்திருந்தும் காரணம் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு சாடியில் இனிப்பது மறு சாடியில் புளிப்பது ஏன்? இவ்வினாவை ஆராய்ந்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். புளித்தல் என்பது நுண்ணுயிர்களின் செயல் என அவர் நிறுவினார். 1876-ஆம் ஆண்டில் பீர் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். கோபன்ஹேகனுக்கு அருகே கார்ல்ஸ்பர்க் என்னும் ஆலையை 1847-இல் நிறுவிய யாக்கப்சன் என்பார், 1875-இல் ஆலையோடு ஓர் ஆய்வுக்கூடத்தையும் அமைத்தார். அங்கே எமில் கிறிஸ்டியன் ஹான்சன், பானத்தைக் கெடுப்பவை வேண்டாத ஈஸ்ட் வகைகளே எனக் கண்டு, ஒரே ஓர் உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்க்கும் முறையை 1883-இல் வெற்றியாக முடித்தார். யாக்கப்சன் இதனை மறைத்து வைத்திருந்தால் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ முறையை வெளியிட்டு, தூய ஈஸ்டைப் பிற ஆலைகளுக்கும் வழங்கினார். அதே ஆய்வுக்கூடத்தில் 1909-ஆம் ஆண்டில் சோரன்சன் என்பவர், ஒரு நீர்மம் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை எண்ணால் குறிக்கும் பிஎச் அளவையை வகுத்தார். உங்கள் வேதியியல் வகுப்பில் நீங்கள் கையாளும் அந்த அளவை, பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்பதை மறவாதீர்கள்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் புகைவண்டியிற் செல்வோர் வழியில் திருத்தங்கலைக் காண்பர். குன்றின் மீது நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்ட அவ்வூர், சிலப்பதிகாரத்தில் தங்கால் என்னும் பெயரால் குறிக்கப்படும் பழமையுடையது. 2021 முதல் அது சிவகாசி மாநகராட்சியின் பகுதி. இன்று அவ்வட்டாரத்தின் பெயரைச் சொன்னால் தீப்பெட்டியும் வெடியும் அச்சுத் தாளுமே நினைவுக்கு வரும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த வரலாற்றைப் பலர் அறிவர். ஆனால் அதற்கும் முன்னே இவ்வட்டாரத்துச் சந்தைகளை வளர்த்த பண்டங்களுள் ஒன்று கருப்பட்டி. தெற்கே தேரிக்காட்டுப் பனைகளிலிருந்து இறங்கிய இனிப்பை வண்டிகளில் ஏற்றி வந்த வணிகர்கள் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களிற் பேட்டைகள் அமைத்து வாழ்ந்தனர்.

அந்த இனிப்பு எவ்வாறு கிடைக்கிறது? பனையேறி முருக்குத்தடியை மரத்திற் சார்த்தி, காலில் தளைநார் பூட்டி ஏறுகிறார். கடிப்பு என்னும் கருவியால் பாளையை நெருக்கிப் பதப்படுத்துகிறார். பாளை அரிவாளால் அதன் நுனியை மெல்லிய சீவலாகச் சீவுகிறார். காலையும் மாலையும் இவ்வாறு சீவாவிட்டால் சாறு ஊறுவது நின்றுவிடும். ஊறும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேல் சர்க்கரை உண்டு. பில்சன் தொழிலாளர் முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, காய்ச்சிப் பெறும் சர்க்கரையைப் பனை ஆயத்தமாகவே தருகிறது! ஆனால் அதிலே ஓர் இடர். காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் சாறு நுரைத்துக் கள்ளாகிவிடும்.

இதனைத் தடுப்பதற்குப் பனையேறி செய்வது மிகச் சிறிய செயல். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவுகிறார். சாறு காரத்தன்மை அடைகிறது. நுண்ணுயிர்கள் அதிலே பெருக இயலாமற் போகின்றன. பதநீர் பதநீராகவே நிற்கிறது. சோரன்சன் வகுத்த அளவையிற் கூறினால், நடுநிலையாகிய 7 என்னும் எண்ணுக்கு மேலே அதனை உயர்த்தி நிறுத்திவிடுகிறார். சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும். மிகுந்தால் கருப்பட்டியின் நிறமும் சுவையும் கெடும். எவ்வளவு பூசவேண்டும் என்பதைப் பனையேறி விரலாலும் நாவாலும் அறிகிறார். பீர் ஆலையார் நுண்ணுயிரை ஏவல் கொள்ளக் கற்றனர்; நம்மவர் அதனை வாயிலிலேயே நிறுத்தக் கற்றனர். இரண்டும் ஒரே அறிவின் இரு முகங்கள்.

1937-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியபோது, இந்தச் சுண்ணாம்புக் கலயம் பல குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. 1987 முதல் கள் இறக்குதல் மீண்டும் தடைப்பட்டுள்ளது. அதே மரம், அதே பாளை, அதே அரிவாள். ஒரு பூச்சுச் சுண்ணாம்பே சட்டத்தின் இப்புறத்தையும் அப்புறத்தையும் பிரிக்கிறது.

இத்தகைய அறிவு இப்போது குறைந்து வருகிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆயினும் செங்கற்சூளைக்கு விறகாக வெட்டப்பட்டவை மிகப் பல. உரிய அலுவலரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று அரசு 2021-இல் அறிவித்தது. மரத்தைக் காக்கச் சட்டம் உதவும். மரத்தை அறிந்தவரின் அறிவைக் காக்க எந்தச் சட்டம் உண்டு? பனையேறுதல் உயிருக்கு இடர் தரும் தொழில். வீழ்ந்து மாண்டோரும் உறுப்பிழந்தோரும் உண்டு. என் மகன் ஏறவேண்டாம், பள்ளிக்குச் செல்லட்டும் என்று தந்தை எண்ணுவதிற் குற்றம் காண எவருக்கும் உரிமை இல்லை. நான் உங்களை மரம் ஏறச் சொல்லவும் இல்லை. ஏறியவர் அறிந்ததை எழுதி வையுங்கள் என்றே வேண்டுகிறேன்.

பில்சன் மக்கள் முதலில் செய்தது என்ன? தம் பானம் கெட்டதை ஊரறிய ஒப்புக்கொண்டு, தனித்தனியே இருந்த திறத்தை ஒன்றாகத் திரட்டினர். யாக்கப்சன் செய்தது என்ன? ஆராய்ந்ததை மறைக்காமல் எழுதி வழங்கினார். இவ்விரண்டையும் செய்ய மாளிகை வேண்டா. திருத்தங்கலிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பதநீர் இறக்கிய முதியவர் எவரேனும் இருந்தால், விடுமுறையில் அவரிடம் செல்லுங்கள். ஐயா என்று அழைத்துப் பணிவோடு அருகே அமருங்கள். ஆண்பனைப் பாளைக்கும் பெண்பனைப் பாளைக்கும் சீவும் முறையில் வேறுபாடு என்ன, சுண்ணாம்பை எதனால் தொட்டுப் பூசுவார், பாகு பதமாயிற்று என்பதை எந்த அடையாளத்தால் அறிவார் என்று கேளுங்கள். அவர் கூறும் சொல்லையே எழுதுங்கள்; நும் சொல்லால் மாற்றாதீர்கள். நாளும் ஊரும் குறியுங்கள். பிறகு பள்ளி ஆய்வுக்கூடத்தில் சிவப்பு லிட்மஸ் தாளைப் பதநீரில் நனைத்துப் பாருங்கள், அது நீலமாகும். அவர் நாவால் அறிந்ததை நீங்கள் கண்ணாற் காண்பீர்கள்.

தேய்ந்த கடிப்பு ஒன்றும், பழைய கலயம் ஒன்றும், நீங்கள் எழுதிய ஏடும் பள்ளியின் ஒரு மூலையில் இடம்பெறுமானால், அதுவே பனைக்கு ஒரு பொருட்காட்சிசாலை ஆகும். முதியவர் ஒருவர் மறைந்தபின் அந்த ஏட்டின் அருமை நமக்கு விளங்கும். அதற்கு முன்னரே அதனை எழுதிவிடுங்கள்.