வைத்திய மாணவர்களின் கை
(ஒரு மாணவர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



டாக்டர் படிப்பும் நர்ஸ் படிப்பும் படிக்கிற மாணவர்களுக்கு ஒழுக்கத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவனல்ல. வைத்தியமும் நோயாளியாய்ப் படுத்த வரைக்கும்தான் தெரியும். ஆனாலும், பெரியவர் எது சொன்னாலும் வாய்பொத்திக் கேட்பதுதான் ஒழுக்கம் என்ற எண்ணம் நம் ஜனங்களிடம் ஊறிக் கிடக்கிறபடியால் பேச ஒப்புக்கொண்டேன். நடந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன்.

ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் டாக்டர் மாணவர்கள் பயின்றார்கள். மற்றதில் மருத்துவச்சி வேலை கற்கும் பெண்கள் பயின்றார்கள். ஏழைப் பெண்களுக்கு அங்கே காசில்லாமல் பிரசவம். அதற்கு ஈடாக அவர்கள் உடம்பே மாணவர்களுக்குப் பாடப்புத்தகம். 1846-ஆம் வருஷம் மாணவர் விடுதியில் 4010 பிரசவத்துக்கு 459 தாய்மார்கள் ஜுரம் கண்டு செத்தார்கள். மருத்துவச்சி விடுதியில் 3754-க்கு 105 பேர்தான். மாணவர் விடுதி வேண்டாமென்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம்!

காரணம் கேட்டால் காற்று என்றார்கள், பயம் என்றார்கள். சாகக் கிடப்பவளுக்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியோசையுடன் அறை அறையாய்க் கடந்து போவதால் மற்றவர்கள் நடுங்கிச் சாகிறார்கள் என்றுகூடச் சொன்னார்கள். செம்மல்வைஸ் என்ற உதவி டாக்டர் அந்த மணியை நிறுத்தி, பாதிரியாரை வேறு வழியாய் வரச் சொல்லிப் பார்த்தார். சாவு குறையவில்லை. (நம் ஊராயிருந்தால் மணியை நிறுத்தியதற்கே அவரைத் துரத்தியிருப்பார்கள்!)

1847-ல் அவருடைய சிநேகிதரான ஒரு பேராசிரியர், பிணம் அறுக்கையில் மாணவன் கத்தி விரலில் பட்டு, அதே மாதிரி ஜுரத்தில் மாண்டார். அப்போதுதான் விளங்கிற்று. மாணவர்கள் காலையில் பிணம் அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாதென்று மே மாதம் உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு ஜூனில் இரண்டு சொச்சமாயிற்று. கிருமி என்கிற சங்கதி அன்றைக்கு நிரூபணமாகியிருக்கவில்லை. எண்ணிக்கை ஒன்றே அவருக்கு ஆதாரம்.

பெரிய டாக்டர்களில் அநேகர் ஒப்பவில்லை. கனவான் கை எப்படி அசுத்தமாகும் என்பது அவர்கள் ரோஷம். செம்மல்வைஸோ, மற்றவர்களை விட அதிகம் பிணம் அறுத்த தன் கையாலேயே எத்தனை பெண்கள் மாண்டார்களோ என்று எழுதி வைத்தார். நான் ஒழுக்கம் என்பது இதைத்தான். அவர் 1865-ல் பைத்தியக்கார விடுதியில் செத்தார்.

நிற்க, இன்று கிருமி எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கட்டிலில் கிடப்பவளைப் பேர் சொல்லிக் கேட்காமல், உத்தரவு கேட்காமல், பத்துப் பேர் சூழ்ந்து துணியை விலக்குவது நின்றுவிட்டதா? அவள் புண்ணைச் செல்போனில் படம் பிடித்துச் சிநேகிதனுக்கு அனுப்புவது எந்தப் படிப்பில் சேர்ந்தது? பெரிய டாக்டர் தவறு செய்யும்போது, “ஐயா, கை கழுவவில்லையே” என்று சொல்ல எத்தனை மாணவருக்குத் தைரியமிருக்கிறது? சொன்னால் பரீட்சையில் என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கும் புரிகிறது. அந்தப் பயத்தை உண்டாக்குகிற வாத்தியார்தான் முதல் குற்றவாளி.

தாய்மார்களே! வெள்ளைக்கோட்டைக் கண்டதும் “சாமி” என்று கும்பிடாதீர்கள். “கை கழுவினாயா தம்பி?” என்று கேளுங்கள். நல்ல பிள்ளையாயிருந்தால் கோபிக்கமாட்டான், கழுவிக்கொண்டு வருவான்.