பனிவெளியும் மனிதநேயமும்: பிரிட்யோப் நான்சன்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில், பயண இலக்கியம் தந்த ஒருவரைப் பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்தனர். முன்பனி, பின்பனி எனப் பனிக்கு இரண்டு பெரும்பொழுதுகளை வகுத்தவர்கள் நாம். ஆயினும் நம் பனி புல்நுனியில் தோன்றிக் கதிரவன் வந்ததும் மறைவது. ஆண்டு முழுதும் உருகாத பனியே நிலமும் கடலுமாக விரிந்த உலகம் நம் ஐந்திணைக்கு அப்பாற்பட்டது. அவ்வுலகினுள் புகுந்து மீண்டு, கண்டவற்றை நூலாக வடித்த நார்வே நாட்டவர் பிரிட்யோப் நான்சனின் வாழ்வை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

நான்சன் 1861ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியா நகரின் அருகே பிறந்தார். விலங்கியல் பயின்று, பெர்கன் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். நரம்பு மண்டலத்தின் நுண்ணமைப்பை ஆராய்ந்து 1888இல் முனைவர் பட்டத்திற்கான வாய்மொழித் தேர்வை முடித்தார். முடித்த சில நாள்களிலேயே கிரீன்லாந்துக்குப் புறப்பட்டார்.

அதுவரை கிரீன்லாந்தின் உட்பகுதியைக் குறுக்கே கடந்தவர் எவருமிலர். முன்னர் முயன்றோர், குடியிருப்புகள் மிகுந்த மேற்குக் கரையிலிருந்து தொடங்கினர். இடர் நேரின் திரும்பிவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். நான்சனோ மக்கள் அரிதாக வாழும் கிழக்குக் கரையைத் தேர்ந்தார். உணவும் உறைவிடமும் மேற்கே மட்டுமே இருந்தமையால், முன்னேறுவதன்றி வேறு வழி இல்லாதாயிற்று. அறுவர் கொண்ட அக்குழுவில் சாமி இனத்தவர் இருவரும் இருந்தனர். ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரமுள்ள பனிமேட்டைப் பனிச்சறுக்குக் கட்டைகளின் துணையால் கடந்து, அக்டோபர்த் திங்களில் மேற்குக் கரையை அடைந்தனர். அவ்வாண்டு ஊர் திரும்பக் கப்பல் கிட்டவில்லை. குளிர்காலம் முழுதும் அங்கே தங்கிய நான்சன், இனுயிட் மக்களிடம் மாணவராக அமர்ந்தார். கயாக் எனும் தோல்படகைச் செலுத்தக் கற்றார்; அம்மக்களின் வாழ்வைப் பற்றி 1891இல் நூலும் எழுதினார்.

அடுத்த பயணத்திற்கு வித்திட்டது ஓர் ஊகம். ஜெனட் என்னும் அமெரிக்கக் கப்பல் 1881இல் சைபீரியாவின் வடக்கே பனியால் நொறுங்கி மூழ்கியது. அதன் பொருள்கள் சில மூன்றாண்டுகளுக்குப் பின் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. அவ்வாறாயின், வடமுனைக் கடலின் குறுக்கே பனி ஓயாது நகர்ந்து செல்கிறது என உய்த்துணர்ந்தார் நான்சன். பனியோடு போராடுவதை விடுத்து, அப்பனியிலேயே உறைந்து அதனுடன் மிதந்து செல்வது அவர் திட்டம். துருவப் பயணத்தில் தழும்பேறியோர் பலர் இது தற்கொலைக்கு ஒப்பென்றனர். காலின் ஆர்ச்சர் என்னும் கப்பல் வினைஞர், பனி நெருக்குங்கால் நசுங்காது மேலே வழுக்கி எழுமாறு உருண்ட அடிப்பாகம் கொண்ட கலத்தைக் கட்டினார். 'முன்னோக்கி' எனப் பொருள்படும் 'பிராம்' என்பது அதன் பெயர். 1893 ஜூன் 24ஆம் நாள் கிறிஸ்டியானியாவிலிருந்து அது புறப்பட்டது.

ஊகம் மெய்யாயிற்று, ஆனால், கப்பல் முனையைத் தொடாது விலகிச் செல்லும் என்பதும் தெளிவாயிற்று. 1895 மார்ச் 14ஆம் நாள், யால்மர் யோஹான்சன் என்னும் ஒரே துணைவருடன், 28 நாய்கள் இழுத்த மூன்று சறுக்குவண்டிகளுடன் நான்சன் கப்பலை விட்டிறங்கினார். ஏப்ரல் 8ஆம் நாள் 86 பாகை 14 கலை வட அகலாங்கை எட்டினர். அதுவரை மனிதர் எவரும் அத்துணை வடக்கே சென்றதில்லை. முனைக்கு எஞ்சியது ஏறத்தாழ 420 கிலோமீட்டர். முன்னே பனிப்பாறைகள் குவிந்து கிடந்தன. இருக்கும் உணவையும் நாள்களையும் கணக்கிட்டுப் பார்த்து, நான்சன் திரும்பினார்.

அன்பர்களே, கிரீன்லாந்தில் திரும்பும் வழியைத் தாமே அடைத்துக்கொண்ட மனிதர், இங்கே திரும்ப முடிவு செய்தார். முன்னது துணிவு எனின், பின்னது அதனினும் அரிய துணிவு. தம்மை நம்பி வந்த ஓர் உயிர் உடனிருந்தது என்பதை அவர் மறக்கவில்லை. எனினும் அம்மீட்சிக்கு விலை இருந்தது. எஞ்சிய நாய்களுக்கு உணவாக, உழைத்துக் களைத்த நாய்களை ஒவ்வொன்றாகக் கொல்ல நேர்ந்தது.

பிரான்ஸ் ஜோசப் தீவுகளில் கல்லாலும் வால்ரஸ் தோலாலும் அமைத்த குடிலில், கரடி இறைச்சியை உண்டு, ஒன்பது திங்களளவு இருவரும் கழித்தனர். கிறிஸ்துமஸ் நாளில், இருந்த சட்டைகளையே உள்ளும் புறமும் மாற்றி அணிந்து விழாக் கொண்டாடினர். அதுகாறும் 'நீங்கள்' என மரியாதைச் சொல்லால் விளித்துக்கொண்ட அவ்விருவரும், அப்புத்தாண்டு இரவில்தான் 'நீ' என அழைக்கத் தொடங்கினர் என்பர். அச்சிறு சொல்மாற்றத்தின் எடையை விளக்கத் தமிழர்க்கு உரை வேண்டா! 1896 ஜூனில் ஆங்கிலப் பயணி ஜாக்சனை எதிர்பாராது சந்தித்தமையால் மீட்பு வந்தது. ஆகஸ்டில் நான்சன் நார்வே மண்ணை மிதித்த ஒரு வாரத்தில் பிராமும் பனியினின்று விடுபட்டு வந்து சேர்ந்தது. சென்றவர் பதின்மூவர், மீண்டவரும் பதின்மூவர்.

வடமுனைக் கடல் ஆழமற்றது என்ற கருத்தை, 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தைக் கண்டறிந்து அவர்கள் மாற்றினர். பனி காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகி நகர்வதையும் நான்சன் குறித்தார். எக்மன் என்னும் சுவீடிய அறிஞர் அதற்குக் கணித விளக்கம் கண்டார். பின்னாளில் தென்முனைக்குத் தாமே செல்ல விழைந்திருந்த நான்சன், பிராமை ஆமுண்ட்சனுக்கு அளித்தார். 1911 டிசம்பர் 14ஆம் நாள் தென்முனையை முதலில் அடைந்த பெருமை ஆமுண்ட்சனுக்கு வாய்த்தது.

முதல் உலகப் போருக்குப் பின், நாடுகளின் கழகம் நான்சனை நாடியது. அவர்தம் முயற்சியால் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் தாயகம் திரும்பினர். 1921இல் ரஷ்யப் பஞ்சத்திற்கு உதவ அரசுகள் தயங்கியபோது, மக்களிடம் நேரே சென்று கையேந்தினார். நாடிழந்தோர்க்கென 1922இல் அவர் உருவாக்கிய பயணச் சான்று, 'நான்சன் கடவுச்சீட்டு' எனப் பெயர் பெற்றது. 50க்கும் மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன. இசைமேதை ஸ்டிராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் அதனை ஏந்தியவர்களே. அவ்வாண்டே கிடைத்த நோபல் அமைதிப் பரிசின் தொகையைத் துயர்துடைப்புப் பணிகளுக்கே அளித்தார். கிரேக்க, துருக்கிய நாடுகளிடையே அவர் முன்னின்று முன்மொழிந்த மக்கள் பரிமாற்றம் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பிறந்த மண்ணினின்று பெயர்த்தது என்பதையும் மறைத்தல் தகாது. அத்திட்டம் போரைத் தடுத்ததா, துயரைப் பெருக்கியதா என வரலாற்றறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

1930 மே 13ஆம் நாள் நான்சன் மறைந்தார். அகதிகளுக்குத் தொண்டாற்றுவோர்க்கு ஐக்கிய நாடுகள் அமைப்பு 1954 முதல் அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது.

வடமுனையைத் தொடாத ஒருவரை முன்னோடி எனலாமா என மாணவர் சிலர் கேட்கக்கூடும். வீடு, வெளிச்சம், முகவரி ஏதுமற்ற பனிக்குடிலில் வாழ்ந்து பார்த்த கை, பின்னாளில் முகவரி இழந்தோர்க்கு ஒரு தாளை எழுதித் தந்தது. அத்தாளைக் காட்டி எல்லை கடந்தவர்களிடம் இக்கேள்விக்கு விடை உண்டு. அவர் சென்ற தொலைவை அளக்க அகலாங்குக் கணக்கு மட்டும் போதாது.