பழைய மடிக்கணினிக்குப் புது வேகம்



பிள்ளையின் மடிக்கணினி திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. உடனே புதிது வாங்கச் சுங்கைப்பட்டாணிக்கோ கூலிமுக்கோ கடன்பட்டு ஓடுகிறோம். சற்றுப் பொறுப்போம்.

பழைய கணினிகள் பலவற்றில் தகவலைச் சேமிப்பது வன்தட்டு. நம் பழைய இசைத்தட்டைப் போல அது சுழல்கிறது. பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 சுற்று. முள் போன்ற ஒரு கை தகவலைத் தேடி அலைகிறது. தாமதம் அங்கேதான். எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பானில் சுழல்வது எதுவுமில்லை, எல்லாம் சில்லுகளே. வன்தட்டு நொடிக்குச் சுமார் 100 மெகாபைட் படித்தால், இது 500 வரை படிக்கும். பெட்டாலிங் ஜெயாவிலிருந்த வன்தட்டு ஆலையை மூடுவதாக 2018-இல் அறிவித்த வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியைப் பெருக்கியது.

மாற்றுமுன் பாடங்களையும் படங்களையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைப்போம். நம் கணினிக்கு 2.5 அங்குல சாட்டா வகை பொருந்துமா, வேறு வகையா என்று கடையில் கேட்போம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதற்கும் வழி கேட்போம். திரை கெட்டிருந்தால் இது மருந்தாகாது.

கழற்றிய வன்தட்டைக் கடையில் விட்டுவிடாதீர்கள்; கேட்டு வாங்கி வாருங்கள். நம் குடும்பப் படங்களெல்லாம் இன்னும் அதில்தான் இருக்கின்றன.