முதிய நாயின் மூட்டுவலி

என் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் உண்டு. நான் பள்ளிப் பணியினின்று ஓய்வு பெறுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், அடைமழை நாளொன்றில், சத்துணவுக் கூடத்தின் பின்புறம் குட்டியாக வந்து ஒண்டியது. பெயரிட்டவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். சோறிடும் கடமை மட்டும் எப்படியோ எனக்கு வந்து சேர்ந்தது. இன்று அதற்கு வயது பதினொன்று.

சென்ற மார்கழிக்கு முந்தைய மார்கழியில் அதன் நடையில் ஒரு மாற்றம் கண்டேன். காலையில் எழும்போது பின்னங்கால்கள் விறைத்து நிற்கும். பத்தடி நடந்தபின் சற்றே இளகும். திண்ணைப் படியில் ஏறுமுன் நின்று யோசிக்கும். முழங்காலை ஓயாமல் நக்கும். "வலித்தால் கத்தாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கல்லடி பட்டால் கத்தும்; நாட்பட்ட வலிக்கு நாய் கத்துவதில்லை. ஓடுவதைக் குறைத்துக்கொள்ளும், ஒதுங்கிப் படுக்கும், தொட்டால் முகம் சுளிக்கும். முதுமையின் சோம்பல் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பலவேளை அது சோம்பல் அன்று, வலியே.

எனக்கும் முழங்கால் வலி உண்டு. அதற்கென வாங்கி வைத்திருந்த இபுப்ரோபென் மாத்திரை அலமாரியில் இருந்தது. எனக்கு இதம் தருவது அதற்கும் இதம் தராதா என்று எண்ணி, நாளைக்கொரு மாத்திரையாக நான்கு நாள் தயிர்ச்சோற்றில் பிசைந்து கொடுத்தேன். நாற்பதாண்டுக் காலம் பிறருக்குக் கற்பித்தவன் செய்த அறியாமை இது. ஐந்தாம் நாள் மணி உணவைத் தொடவில்லை, வாந்தி எடுத்தது, மலம் தார் போலக் கறுத்துப் போயிற்று.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். "ஐயா, கொடுப்பதற்கு முன் யாரைக் கேட்டீர்கள்?" என்றார். வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் போல நான் நின்றேன். இரைப்பையில் புண் உண்டாகிக் குருதி கசிகிறது என்று அவர் விளக்கினார். வலியையும் வீக்கத்தையும் எழுப்பும் ஒருவகைப் பொருளை அம்மாத்திரை தடுக்கிறது. ஆனால் அவ்வினப் பொருளே இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது; சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தையும் காக்கிறது. நாயின் உடலிலோ அம்மருந்து மனித உடலில் தங்குவதைவிட நெடுநேரம் தங்குகிறது. ஆதலின் வலி தணிவதற்கு முன்பே புண் தோன்றிவிடும். பாரசிட்டமால் வேறு வழியில் கெடுக்கும். ஈரலைச் சிதைக்கும், குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அழிக்கும். பூனைக்கோ அதில் ஒரு மாத்திரையே உயிர்க்கொல்லி ஆகலாம்.

மணி பிழைத்தது. மூன்று நாள் குழாய்வழி நீரேற்றி, இரைப்பைப் புண்ணுக்கு மருந்தளித்து மீட்டார்கள். அதன்பின் மருத்துவர் எனக்குக் கற்பித்தவற்றையே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

எலும்புகள் கூடும் இடத்தில் அவற்றின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. வயதாலும் பருமனாலும் பழைய அடியாலும் அது தேய்கிறது. தேய்ந்தது பழையபடி வளர்வதில்லை. ஆதலின் நாம் செய்யக்கூடியது நோயை ஒழிப்பதன்று, நோவைத் தணிப்பது. அதற்கு முதல் மருந்து உணவைக் குறைப்பதுதான். இது பலருக்கும் கசக்கும். என் மனைவிக்கும் கசந்தது. அமெரிக்க நாட்டில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்து 2002-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஓர் ஈற்றில் பிறந்தவற்றை இணையிணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைவாக உணவிட்டனர். குறைவாக உண்டவை ஏறத்தாழ 13 ஆண்டும், மற்றவை 11 ஆண்டுக்குச் சற்று மேலும் வாழ்ந்தன. மூட்டு நோய்க்கு நீடித்த மருத்துவம் தேவைப்பட்ட வயதும் மூன்றாண்டு தள்ளிப் போயிற்று. விலாவைத் தடவினால் எலும்புகள் எளிதில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அதுவே அளவு. மணியின் விலாவில் அன்று எனக்குத் தட்டுப்பட்டது தயிர்ச்சோறு மட்டுமே. தெருவார் போட்ட பிஸ்கோத்துகளை நிறுத்தி, சோற்றில் கால் பங்கைக் குறைத்தோம். நான்கு மாதத்தில் 22 கிலோ 19 ஆயிற்று. திண்ணைப் படியில் அது மீண்டும் ஏறியது மாத்திரையால் அன்று, இதனால்தான்.

வழவழப்பான தளக்கல் முதிய நாய்க்குப் பகை. கால் வழுக்காதிருக்க ஒவ்வொரு முறையும் அது மூட்டை இறுக்குகிறது. நாங்கள் அது நடக்கும் வழியெல்லாம் பழைய சாக்குகளை விரித்தோம். படுக்கைக்குத் தடித்த மெத்தென்ற விரிப்பு, ஈரத்தரை ஆகாது. நகம் நீண்டால் பாதம் சரியாக ஊன்றாது. அதையும் வெட்டிவிட வேண்டும். நடையை நிறுத்தல் தவறு. நிறுத்தினால் தசை மெலிந்து மூட்டுக்கே சுமை கூடும். ஒரு நெடுநடைக்குப் பதில் இரண்டு மூன்று குறுநடை நன்று. பந்தெறிந்து தாவவிடுதல் வேண்டா.

குளிர்காலைகளில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூட்டில் பத்து நிமிடம் வைக்கலாம். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள். புதிதாக அடிபட்டு வீங்கியிருந்தால் வெப்பம் கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியே ஏற்றது. நாம் பூசிக்கொள்ளும் தைலங்களை நாய்க்குப் பூசாதீர்கள். பூசியதை அது நக்கும். கற்பூரமும் வலித்தைலச் சத்தும் வயிற்றினுள் நஞ்சாகும். எருக்கம்பால் தடவுதலும், சிற்றூர்களில் மாடுகளுக்குச் செய்துவந்தது போலச் சூடு போடுதலும் கொடுமை, மருத்துவம் அல்ல.

நாய்க்கென ஆய்ந்து ஏற்கப்பட்ட வலிமருந்துகள் இருக்கின்றன. கார்ப்ரோபென், மெலாக்சிகாம் ஆகியன அவற்றுள் சில. குருதியைச் சோதித்து, ஈரலும் சிறுநீரகமும் நன்றாக இருப்பதை அறிந்து, எடைக்கேற்ற அளவை மருத்துவர் எழுதித் தருவார். உணவோடு கொடுக்க வேண்டும். வேறொரு வலிமாத்திரையையோ ஸ்டீராய்டையோ உடன் கொடுத்தல் ஆகாது. வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் அக்கணமே நிறுத்த வேண்டும். மெலாக்சிகாமுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. மாடுகளுக்கு வலி தணிக்கப் போட்ட டைக்ளோபினாக், இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. இது 2004-இல் கண்டறியப்பட, இந்திய அரசு 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. மாற்றாக வந்தது மெலாக்சிகாம். நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று வட்டமிடும் பாறுகளுக்கும் என் மணிக்கும் ஒரே மருந்து தீங்கற்றதாயிருப்பது எனக்கு வியப்பே.

எல்லா நொண்டலும் முதுமையால் வருவதன்று. நம் நாட்டில் உண்ணிக் காய்ச்சலும் மூட்டுகளைத் தாக்கும். காலை ஊன்றவே மறுத்தாலும், மூட்டு வீங்கிச் சுட்டாலும், காய்ச்சலடித்தாலும், இன்றொரு கால் நாளையொரு கால் என நொண்டல் மாறினாலும், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இலேசான நொண்டலாயினும் இரண்டு மூன்று நாளில் தணியாவிடில் காட்டிவிடுங்கள்.

மணிக்கு இப்போது மருத்துவர் அளவிட்டுத் தந்த மீன் எண்ணெய் நாள்தோறும் உணவில் சேர்கிறது. கடும் பனி நாள்களில் மட்டும் மாத்திரை. என் மாத்திரைகள் அலமாரியின் மேல்தட்டிலே பூட்டியிருக்கின்றன; சாவி என் மனைவியிடம் இருக்கிறது.